கீறல் எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும்

பெங்களூரில் டவுன்ஹில் சைக்கிளை வீட்டில் நிறுத்திவைத்துக்கொண்டு, விற்றுவிடலாமா என்று யோசிக்கும் நண்பர்களே,

'லைட்லி யூஸ்டு', 'வாரக்கடைசியில் மட்டும் ஓட்டியது', 'ஒரு தடவைகூட விழவில்லை', 'வெளிநாடு போவதால் அவசர விற்பனை'. இப்படி நீங்கள் எழுதும் விற்பனைச் செய்திகளை யாராவது ஒரு பையன் என் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறான். "அண்ணா, இது ஓகேவா? கூட வந்து பாக்கிறீங்களா?" என்று கேட்பான். போகிறேன். போய்ப் பார்த்து வந்ததில் சேர்ந்த மனக்குறையை அந்தப் பையன்களிடம் சொல்லிப் பயனில்லை. அதனால் உங்களிடமே வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். டவுன்ஹில் சைக்கிளை 'லேசாக' ஓட்டுவது எப்படி? மோட்டோகிராஸ் வண்டியைப் போல மேலும் கீழும் இரண்டு தாங்கிகள் பிடித்த ஃபோர்க். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன். பதினாறு, பதினேழு கிலோ எடை. பாறை மேலிருந்து குதிக்கவும், வேர்களும் கற்களும் கிடக்கும் சரிவில் தடதடவென்று இறங்கவும் மட்டுமே செய்த வண்டி அது. அதை லேசாக ஓட்டியதாகச் சொன்னால், ஒன்று ஓட்டவே இல்லை என்று அர்த்தம். இல்லையென்றால் நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டில் எது என்று கேட்கத்தான் நான் அந்தப் பையன்களோடு வருகிறேன்.

நான் சைக்கிள் கடைக்காரன் இல்லை. அல்சூரில் வீடு, பீன்யாவில் வேலை. அலுமினிய உதிரிபாகங்களில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துரஹள்ளிப் பக்கமும் அவலஹள்ளிப் பக்கமும் சைக்கிளில் சுற்றியவன். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. பார்க்கிற வேலை மட்டும் மிச்சம்.

நம் ஊரின் வேடிக்கையை நீங்களும் அறிவீர்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், ஆனால் தட்டையாக இருக்கிறோம். நந்தி மலை 1,478 மீட்டர்தான், ஆனால் அங்கே ஞாயிறு காலையில் சைக்கிளில் வருகிறவர்கள் மேலே ஏறத்தான் வருகிறார்கள், தார் ரோட்டில். உங்கள் வண்டியோ ஏறாது. அதைத் தூக்கிவைத்துக்கொண்டு போக ஒரு கார் வேண்டும், மேலே கொண்டுபோய் விட ஒரு நண்பன் வேண்டும், சிக்கமகளூர்ப் பக்கம் ஏதாவது காப்பித் தோட்டத்துக்காரர் மனம் இளக வேண்டும். எல்லாம் கூடிவருவது வருஷத்தில் நாலைந்து முறை. மற்ற நாளெல்லாம் அது அபார்ட்மெண்ட் அடித்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே நீங்கள் விற்க நினைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விற்றே ஆக வேண்டும். எப்படி விற்கிறீர்கள் என்பதில்தான் வழக்கு.

நின்றுகொண்டே இருந்த வண்டி புது வண்டி என்று நீங்கள் நம்புகிறீர்கள். வாங்குகிறவனையும் நம்பவைக்கிறீர்கள். ஃபோர்க்குக்குள் இருக்கும் எண்ணெய் அடியில் இறங்கிவிடும். மேலே ரப்பர் சீல் காய்ந்து கிடக்கும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றிய சீலன்ட் பால் சில மாதங்களில் வறண்டு கட்டியாகும். டாட் திரவம் ஊற்றும் பிரேக் என்றால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீளமான இறக்கத்தில் சூடேறும்போது லீவர் பஞ்சுபோல் உள்ளே போகும். மினரல் ஆயில் பிரேக்கா, டாட் பிரேக்கா என்று நீங்கள் சொல்லாமல் விட்டு, தெருமுனை மெக்கானிக் கையில் கிடைத்ததை ஊற்றிவிட்டால் உள்ளே சீல்கள் ஊதிப்போகும். ஓட்டாமல் வைத்திருந்ததற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதையும் எழுதித் தர வேண்டும்.

அடித்து ஓட்டிய வண்டி வேறு கதை. இங்கேதான் என் தொழில் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இரும்புக்கு ஒரு குணம் உண்டு. ஒரு அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை அழுத்தினாலும் அது தாங்கிக்கொண்டே போகும். அலுமினியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு குதிப்பையும் அது கணக்கில் வைத்துக்கொள்கிறது. சிறிய அடியாக இருந்தாலும் கணக்கு ஏறிக்கொண்டேதான் போகும். ஒருநாள் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும். ஹேண்டில் நுழையும் குழாய்க்குப் பின்பக்கம், பெடல் அச்சுக்கு மேலே, பின் ஷாக்கைப் பிடித்திருக்கும் காதுகள், பின் சக்கரத்துக்குப் போகும் கைகளின் மூட்டுகள். இந்த நாலு இடங்களைத் துணியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு எங்கள் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் சிவப்புச் சாயம் இருக்கிறது. பெயிண்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சந்தேகமான இடத்தில் எடுத்துவிட்டு, சாயத்தை அடித்து, பத்து நிமிஷம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி மாதிரி இன்னொன்றை அடிக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் மேலே கசிந்து, வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். குங்குமம் வைத்த மாதிரி பளிச்சென்று தெரியும். இது கார்பன் ஃப்ரேமுக்கு ஆகாது. கார்பனை நாணயத்தால் தட்டித் தட்டிக் கேட்பார்கள். 'டங்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று விழுந்தால் அங்கே நின்றுவிட வேண்டும்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு அடித்தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரீராமபுரத்துப் பையன் ஒருவனோடு போயிருந்தேன். டெலிவரி வேலை பார்த்துச் சேர்த்த பணம் அவன் பையில் இருந்தது. வாசலில் செக்யூரிட்டி அவனை நாற்பது நிமிஷம் நிறுத்திவைத்தார். அவன் செருப்பைப் பார்த்தார், மேலே போன் போட்டார், மறுபடி பார்த்தார். கீழே வந்தவர் நல்ல மனிதர்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வண்டி பளபளவென்று இருந்தது. கீழ்க்குழாயில் மட்டும் புத்தம்புதிதாக ஒரு ஸ்டிக்கர், உள்ளங்கை அகலம். மற்ற ஸ்டிக்கர்கள் எல்லாம் வெயிலில் வெளுத்திருந்தன. "இதை எடுத்துப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டேன். "பெயிண்ட் வந்துரும்" என்றார். பெயிண்ட் போனால் ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தருகிறோம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ஹேண்டிலில் ஆட்டம் இருப்பதைக் காட்டியபோது மட்டும் சிரித்துக்கொண்டே, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில். பெங்களூரில் இந்த மூன்று சொற்களுக்கு அடங்காத விஷயம் இல்லை. பஸ்ஸில் இடம் கேட்கலாம், கல்யாணப் பந்தியில் இடம் கேட்கலாம். ஹேண்டில் ஆட்டத்துக்கும் கேட்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நாங்கள் திரும்பிவிட்டோம். அந்தப் பையன் வழியெல்லாம் பேசவில்லை. மூன்று வாரத்தில் அந்த வண்டியை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாங்கியவனுக்குத் தெரிந்திருக்குமா என்று நினைக்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது. தார் ரோட்டில் ஃப்ரேம் விட்டால் முட்டி பெயரும். சரிவில், பாறை நடுவில் விட்டால் எது பெயரும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் இறங்கிப் பார்த்தவர்கள்.

நான் யோக்கியன் என்று நினைத்து இதை எழுதவில்லை. என் சொந்த வண்டியை விற்றபோது ஃபோர்க் உள்ளே புஷ் தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று சத்தம் வரும். விற்பதற்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, கெட்டியான கிரீஸை அப்பி அந்தச் சத்தத்தை அடக்கினேன். ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்குத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது என்றும் எனக்குத் தெரியும். ஓசூரிலிருந்து வந்த பையன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான், பணத்தைக் கொடுத்தான், காலைத் தொட்டுக் கும்பிடாத குறையாக எடுத்துக்கொண்டு போனான். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நானும் குரலை உயர்த்தத் தயாரானேன். அவனோ, "அண்ணா, நான் எதோ தப்பா ஓட்டிட்டேன் போல, சத்தம் வருது, என்னன்னு பாக்கிறீங்களா?" என்றான். என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். 'எனக்கு முன்பே தெரியும்' என்கிற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. இப்போதும் அவனை ஏதாவது பந்தயத்தில் பார்த்தால், கூட்டத்தில் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.

உங்கள் பக்கத்துப் பயங்களும் எனக்குத் தெரியும். விலையைச் சொன்ன பத்தாவது நிமிஷத்தில் 'ஆர்மி ஆபீசர்' என்று ஒருவன் அழைப்பான். பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன், க்யூஆர் கோட் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் உங்கள் கணக்கில் ஏறும் என்பான். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும் என்கிற ஒன்றை மறந்து ஏமாந்தவர்கள் இந்த ஊரில் நிறைய. ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறியவன் அப்படியே போய்விடுவானோ என்கிற பயமும் நியாயம்தான். அதற்கு வழி இருக்கிறது. முழுப் பணத்தையும் உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டக் கொடுங்கள். அவன் வந்த வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டவே விடமாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏமாற்றுக்காரன் போனில் இருக்கிறான். நேரில் நாற்பது நிமிஷம் கேட்டுக்கு வெளியே நிற்கிறவனை ஏன் திருடனைப் போலப் பார்க்கிறீர்கள்?

காகிதம் என்ற ஒரு விஷயமும் உண்டு. 'டவுன்ஹில் பைக்' வாங்கப் போவதாக ஒரு பையன் வீட்டில் சொல்ல, பைக் என்றால் மோட்டார் சைக்கிள்தானே என்று அவன் அம்மா ஆர்.சி. புக் எங்கே என்று கேட்டார்களாம். நாங்கள் சிரித்தோம். பிறகு யோசித்தால் அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? நம் தாத்தா காலத்தில் பஞ்சாயத்து போர்டு சைக்கிளுக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் வில்லை கொடுத்தது. இன்று பல லட்சம் ரூபாய் சைக்கிளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பெடல் அச்சுக்கு அடியில் கொத்தியிருக்கும் சீரியல் நம்பரும், வாங்கிய பில்லும்தான் அதன் ஜாதகம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கிக்கொண்டால் வாங்கியவன்மீதும் வழக்கு வரும். 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் இருக்கிறது. டெலிவரி பையை முதுகில் சுமக்கும் ஒருவன் ஐந்து லட்சம் ரூபாய் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது போலீஸ்காரர் நிறுத்தினால் அவன் எதைக் காட்டுவான்? நீங்கள் எழுதிக் கொடுத்த ஒரு தாளைத்தான்.

விலையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 2023 பட்ஜெட்டில் சைக்கிள் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 35 ஆனது என்று நீங்கள் சொல்வது உண்மை. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 ஆனதும் உண்மை. அதை மட்டும் ஏனோ யாரும் எடுப்பதில்லை. அதைவிட முக்கியம் சக்கரம். 2017-இல் ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பைப் பந்தயத்தை கிரெக் மின்னார் 29 அங்குலச் சக்கரத்தில் ஜெயித்தார். அதற்கு முன்பே வழக்கொழிந்துகொண்டிருந்த 26 அங்குல டவுன்ஹில் வண்டிகளுக்கு இன்று நல்ல டயரும் ரிம்மும் தேடி அலைய வேண்டிய நிலை. நீங்கள் அன்று கொடுத்த விலை உங்கள் ஆசைக்குக் கொடுத்த விலை. அதை இன்னொருவன் தலையில் வைக்காதீர்கள்.

இன்னொன்று: யாருக்கு விற்கக் கூடாது என்பதையும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். 'மவுண்டன் பைக்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, அதில் ஹெப்பாலிலிருந்து மான்யதா டெக் பார்க்குக்கு வேலைக்குப் போகலாம் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டை உயர்த்தவும் முடியாது, மேம்பாலம் ஏறவும் முடியாது; முதல் நாளே நாக்கு தள்ளிவிடும். 'இது உனக்கு ஆகாதுப்பா' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் விற்பனைக்காரரை இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். ஜெயநகரில். அவர் வண்டி விற்க ஆறு மாதம் ஆயிற்று. வாங்கியவன் இன்னும் அதில்தான் இறங்குகிறான்.

பழைய வண்டி வாங்குவது ஏழைப் பையன்கள் சமாச்சாரம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு சேதி. இந்த விளையாட்டே பழைய வண்டியில் பிறந்ததுதான். கலிபோர்னியாவில் டமல்பைஸ் மலையோரம் 1976 அக்டோபர் 21-ஆம் தேதி நடந்த ரீபேக் பந்தயத்தில் இறங்கியவர்கள் புது சைக்கிளில் வரவில்லை. கொட்டகையில் கிடந்த, போருக்கு முந்தைய தடிமன் டயர் ஷ்வின் சைக்கிள்களை ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்தார்கள். இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். 'ரீபேக்' என்ற பேரே அதனால் வந்தது. இதற்கென்றே ஒருவர், ஜோ பிரீஸ், ஃப்ரேம் செய்தது அடுத்த வருஷம்தான். அந்தக் கூட்டத்தில் யாரும் எதையும் மறைக்க முடியாது. வண்டியின் ஒவ்வொரு ஒட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இங்கேயும் அப்படி ஒரு கூட்டம் இருந்ததே. 2021-இல் துரஹள்ளிக் காட்டை மரப்பூங்காவாக்கப் போகிறார்கள் என்றபோது நடைப்பயிற்சிக்காரர்களோடும் பறவை பார்ப்பவர்களோடும் சைக்கிள்காரர்களும்தானே போய் நின்றார்கள்? திட்டம் நின்றது. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் பக்கத்து மாநிலத்திலேயே, திருவனந்தபுரத்துக்கு மேலே பொன்முடியில் நடந்தது, டவுன்ஹில்லும் உண்டு. அதை வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் அந்த ஸ்ரீராமபுரத்துப் பையன் என்னிடம் முதன்முதலில் வந்தான். அவனுக்குப் புது வண்டி இந்த ஜென்மத்தில் முடியாது. உங்கள் அடித்தளத்தில் நிற்பது மட்டும்தான் அவனுக்கு வழி.

ஆகவே கேட்கிறேன். விற்பதற்கு முன் வண்டியைக் கழுவி, பிசுக்கெடுத்து, ஸ்டிக்கர்களை உரித்து வெயிலில் நிறுத்துங்கள். ஒரு முழுத்தாளை எடுத்து உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்: எங்கே ஓட்டினீர்கள், எங்கே விழுந்தீர்கள், எதில் மோதியது, ஃபோர்க்கைக் கடைசியாக எப்போது பிரித்தது, எந்த பிரேக் எண்ணெய், எந்த பேரிங் மாற்றியது, எது இன்னும் மாற்றவில்லை. கீழே சீரியல் நம்பர், தேதி, கையெழுத்து. பில் இருந்தால் கூடவே வையுங்கள். ஐம்பது மணி நேரம் ஓட்டியதும் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்லி ஃபோர்க் தயாரிப்பவர்கள் சிலரே எழுதியிருக்கிறார்கள்; நீங்கள் செய்யவில்லை என்றால் 'செய்யவில்லை' என்றே எழுதுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். அவன் மெக்கானிக்கோடு வந்தால் கோபப்படாதீர்கள். கேட்டில் முன்கூட்டியே பேர் சொல்லி வையுங்கள்.

வெடித்த ஃப்ரேம் என்று தெரிந்தால், தயவுசெய்து அதை முழுசாக யாருக்கும் கொடுக்காதீர்கள். காயலான் கடைக்கும் வேண்டாம். சிவாஜிநகர் குஜ்ரியில் போட்டால் எவனாவது எடுத்து, பற்றவைத்து, பெயிண்ட் அடித்து மறுபடி விற்பான். வெளியே பார்க்க வெல்டிங் அழகாக இருக்கும். ஆனால் 6061 அலுமினியம் தன் பலத்தை வெப்பப் பதத்தில் வைத்திருக்கிறது. பற்றவைத்த சூட்டில் அந்தப் பதம் போய்விடும், மறுபடி உலையில் வைத்து எடுக்காமல் திரும்பாது. தெருவோர வெல்டரிடம் அந்த உலை கிடையாது. ஃபோர்க்கையும் சக்கரத்தையும் பிரேக்கையும் தனித்தனியாகக் கழற்றி விற்றுக்கொள்ளுங்கள், நல்ல காசு வரும். ஃப்ரேமை ரம்பத்தால் நடுவில் அறுத்துவிட்டுப் போடுங்கள். மனசு கேட்காதுதான். நான் ஒன்றை அறுத்திருக்கிறேன். அரை மணி நேரம் ஆனது, அதில் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பார்க்கத் தெரியவில்லை என்றால் என்னைப் போல நாலு பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிவப்புச் சாய டப்பாவோடு வருகிறோம், காசு வேண்டாம், ஃபில்டர் காப்பி போதும். வாங்கப் போகிறவனும் கூடவே நிற்கட்டும். வெள்ளையில் கோடு எழுகிறதா என்று உங்களோடு சேர்ந்து அவனும் அந்தப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அல்சூரிலிருந்து,
ஓசூர்ப் பையனுக்கு இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி வைத்திருக்கும் ஒருவன்